பேச்சி பார்க்காத முழங்கை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி இல்லை. பல்லில் கம்பி இருந்தது. எட்டாம் வகுப்பு. பெயர் பேச்சியம்மாள். திருப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் அவள் கேட்சர். வந்து விழுகிற பந்தைப் பிடிக்கிறவள். கம்பி முகமூடியை மாட்டிக்கொண்டு மட்டை பிடிக்கிறவள் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் குந்தியே இருப்பாள். பேச்சு குறைவு. அதனால் அணியில் அவளைச் சாமியார் என்று கூப்பிட்டார்கள். எல்லாம் கேலிக்குத்தான்.

சிஷ்யை செங்கொடி. குருவைவிட இரண்டு வயது மூத்தவள். அணியின் பிட்சர், அதாவது பந்து போடுகிறவள்.

சாஃப்ட்பாலில் பிட்சர் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்பருகே பந்தை விட வேண்டும். செங்கொடி ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் போடுகிறாள். எப்படிப் போடுகிறாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. போட்டால் போகும், அவ்வளவுதான். கணக்கு அவளுக்கு வராது. கோலம் வராது. பந்து ஒன்று வந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தாள்.

பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் கிடைத்தார்கள். அங்கேதான் பிடித்தது சனி.

பள்ளியின் பி.டி. மாஸ்டர் மரியசூசை சார் சொன்னார், "பந்தை விட்டதும் முழங்கை மேல வரணும். கை தோளைத் தொடணும். உடம்பு நேரா கேட்சரைப் பாக்கணும்."

"சரிங் சார்" என்றாள் செங்கொடி.

கோடை முகாமில் சுபாஷினி அக்கா சொன்னாள். பல்கலைக்கழக அணியில் ஆடியவள். "முழங்கையத் தூக்குன்னு எவன் சொன்னான்? கையைத் தளர விடு. இடுப்பை உரசிட்டு அது பாட்டுக்குப் போகட்டும். பந்து போற வரைக்கும் உடம்பு பக்கவாட்டுல நிக்கணும்."

"சரிங்க்கா" என்றாள் செங்கொடி.

சாரிடம் அக்காவின் பேச்சை எடுத்தால் சார் மூக்கால் சிரித்தார். அக்காவிடம் சாரின் பேச்சை எடுத்தால் அக்கா வானத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். குழப்பமே அதுதான். ஒருவர் மடையராக இருந்திருந்தால் பிழைப்பு எளிதாகப் போயிருக்கும்.

செங்கொடிக்கு அப்பா ஒருத்தர் இருந்தார், நாச்சிமுத்து. பனியன் கம்பெனித் தொழிலாளர் சங்கத்தில் கிளைச் செயலாளர். மகளுக்கு அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான். முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிப் பழகியவர். மகளின் முகம் வாடியதைப் பார்த்ததும் சாரையும் அக்காவையும் ஒரு பேக்கரிக்கு வரவழைத்தார். தேங்காய் பன்னும் டீயும் சொன்னார்.

"இத பாருங், ரண்டு பேரும் அனுபவசாலிங்க. ரண்டு பேரு சொல்றதுலயும் நாயம் இருக்குது. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போவோம்."

டீ ஆறுவதற்குள் பேச்சுவார்த்தை முடிந்தது. முழங்கை சார் பக்கம் போயிற்று. இடுப்பு அக்கா பக்கம் வந்தது. அப்பா வீட்டுக்கு வந்து மகளின் தோளைத் தட்டினார்.

"முடிச்சாச்சு கண்ணு. இனி உனக்கு ஒரே வழிதான்."

அவருடைய வாழ்க்கையில் தோற்றுப்போன ஒப்பந்தங்கள் உண்டு. ஆனால் இந்த அளவுக்கு எதுவும் தோற்றதில்லை. மறுநாள் செங்கொடி உடம்பைப் பக்கவாட்டில் நிறுத்தி, முழங்கையை மட்டும் மேலே இழுத்தாள். பந்து சத்துணவுக் கூடத்து ஓட்டில் விழுந்து, உருண்டு, சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆயா வெளியே வந்து திட்டிய திட்டில் முழங்கை, இடுப்பு எல்லாம் அடங்கியிருந்தன.

அதற்குப் பிறகு எந்தப் பந்தும் நேராகப் போகவில்லை. ஒன்று தரையில் குத்தியது. ஒன்று தலைக்கு மேலே பறந்தது. பேச்சி எழுந்தும் விழுந்தும் பாய்ந்தும் பிடித்தாள்.

வீட்டில் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கும்போதுகூட செங்கொடிக்கு முழங்கை எங்கே இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. தண்ணீர் சட்டையில் கொட்டியது. பயமாக இருந்தது. சனிக்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு. இந்த வட்டாரத்திலிருந்து ஒரே ஒரு பிட்சரைத்தான் எடுப்பார்கள். அவளுக்கு வந்த ஒரே விஷயமும் அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பேச்சி மட்டும் குழாயடியில் இடது கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். செங்கொடி பக்கத்தில் போனாள்.

"பேச்சி, நீ சொல்லு புள்ள. சார் சொல்றது சரியா, அக்கா சொல்றது சரியா?"

"எதுல?"

"எதுலயா? முழங்கைலதான்! ஊரே அதத்தான பேசுது?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெனமும் எம்பட பந்தப் புடிக்கறவ நீ. உனக்குத் தெரியாதுங்கற?"

பேச்சி குழாயை மூடினாள். கழுத்தில் தொங்கிய முகமூடியைக் கழற்றினாள். நெஞ்சுக் கவசத்தைக் கழற்றினாள். கிளவுஸையும் சேர்த்து செங்கொடியிடம் நீட்டினாள்.

"மாட்டிட்டுப் போய்க் குந்துக்கா."

கை நோகாமலிருக்க கிளவுஸுக்குள் பனியன் வேஸ்ட் திணித்திருந்தது. அந்த ஊரில் எதைத் துடைப்பதற்கும் எதை அடைப்பதற்கும் கம்பெனியில் கழித்துப்போடும் அந்தத் துணிதான். உள்ளே வேர்வை நாற்றம். செங்கொடி முகம் சுளித்துக்கொண்டு குந்தினாள். பேச்சி பிட்சர் வட்டத்துக்குப் போய்க் கையைச் சுற்றிப் போட்டாள்.

முதல் பந்துக்கு செங்கொடி மல்லாக்க விழுந்தாள். அடுத்தது கிளவுஸின் ஓரத்தில் பட்டு ஓடியது. அதற்கடுத்ததைப் பிடித்துவிட்டாள். உள்ளங்கை எரிந்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது.

பேச்சி அங்கிருந்து கத்தினாள். "என் முழங்கை எங்கன இருந்துச்சு?"

செங்கொடி முழித்தாள். "பாக்கலயே. இன்னொண்ணு போடு."

இந்தத் தடவை முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து வந்து நெஞ்சுக் கவசத்தில் மொத்தியது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சி வந்து கைகொடுத்துத் தூக்கினாள்.

"முழங்கையப் பாத்தா பந்தப் புடிக்க முடியல புள்ள" என்றாள் செங்கொடி.

"ஆமாக்கா."

"அப்ப சார் சொல்றதா, அக்கா சொல்றதா? நீ பதிலே சொல்லலியே!"

பேச்சி சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவளுக்கு அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். செங்கொடி மைதானத்தில் தனியாக நின்றாள். முன்பு இரண்டு குழப்பம் இருந்தது. இப்போது மூன்று. சாமியாராம் சாமியார் என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை வேறொரு பள்ளியின் மைதானத்தில் தேர்வு. வந்திருந்த பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். செங்கொடியின் பந்தைப் பிடிக்கப் பேச்சியையே உட்கார வைத்தார்கள்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மரியசூசை சார் நின்றார். கொஞ்சம் தள்ளி சுபாஷினி அக்கா. நடுவில், யாருக்கும் மனம் நோகாத தூரத்தில், அப்பா. தோளில் சிவப்புத் துண்டு.

செங்கொடி கையைச் சுற்றினாள்.

"முழங்கை! முழங்கை!" என்றார் சார்.

"தளர விடு!" என்றாள் அக்கா.

"பேசுனபடி கண்ணு! பேசுனபடி!" என்றார் அப்பா.

பந்து தரையில் குத்தியது. அடுத்தது அகலமாகப் போயிற்று. நான்கு பந்து தப்பினால் மட்டையோடு நிற்கிறவள் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்துபோகலாம். முதல் பெண் நடந்தாள். இரண்டாமவளும் நடந்தாள். தேர்வுக்குழு மேடம் பேனாவை மூடிவிட்டு வேறு பக்கம் திரும்பினார். செங்கொடி அதைப் பார்த்துவிட்டாள். பந்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தாள்.

பேச்சி நடுவரிடம் கையைக் காட்டி நேரம் கேட்டாள். முகமூடியைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டு வட்டத்துக்கு வந்தாள்.

"நான் யாரு சொல்றதக் கேக்கட்டும் பேச்சி?" செங்கொடி அழுதே விட்டாள். "சார் பேச்சக் கேட்டா அக்கா மூஞ்சியத் தூக்குவாங்க. அக்கா பேச்சக் கேட்டா சாரு பேசவே மாட்டாரு. அப்பா வேற..."

பேச்சி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாரை, அக்காவை, அப்பாவை, ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அந்த மூணு பேருல யாரு பந்தப் புடிக்கப் போறாக?"

"யாருமில்ல. நீதான்."

பேச்சி தலையாட்டினாள். கிளவுஸைக் கழற்றி உள்ளே நழுவியிருந்த துணியைச் சரிசெய்தாள். அப்போதுதான் செங்கொடி அந்தக் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலுக்குக் கீழே வீங்கிக் கன்றிப்போய், நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"ஐயோ! எப்பருந்து புள்ள இது?"

"நீ முழங்கைய நெனக்க ஆரம்பிச்சதுலருந்து."

"வலிக்குதா?"

"இதுக்குள்ள விழுந்தா வலிக்காது." கிளவுஸின் நடுக்குழியைக் காட்டினாள். மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்க் குந்தினாள்.

செங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலிப் பக்கமிருந்து மூன்று குரலும் வந்தன. வந்தது தெரிந்தது, என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவள் கண்ணில் இருந்தது அழுக்கேறிய அந்தக் குழி ஒன்றுதான். அதற்குப் பின்னால் ஒரு வீங்கிய கை இருந்தது. அந்தக் கைமேல் படக்கூடாது, குழிக்குள் விழ வேண்டும். அந்த நினைப்போடு கையைச் சுற்றிவிட்டாள்.

டப்பென்று சத்தம் கேட்டது. கிளவுஸ் அசையவில்லை.

"ஸ்டிரைக்!" என்றார் நடுவர்.

அடுத்ததும் அதே இடத்தில் விழுந்தது. அதற்கடுத்ததும். மட்டை பிடித்தவள் காற்றை அடித்துவிட்டுப் போனாள். மேடம் பேனாவைத் திறந்தார்.

ஆட்டம் முடிந்ததும் சார்தான் முதலில் ஓடிவந்தார்.

"பாத்தியா! முழங்கை மேல வந்துச்சு, பந்து நேராப் போச்சு!"

அக்கா வந்து கட்டிக்கொண்டாள். "கையை எப்படித் தளர விட்டே தெரியுமா! நான் சொன்னேன்ல?"

"ரண்டும்தானுங்க, ரண்டும்தான்" என்று அப்பா இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

செங்கொடி மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தாள். தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு மேடம் கூப்பிட்டார். "நல்லா போடறே. உன்னை எடுத்திருக்கோம். திங்கக்கிழமை ஈரோடு முகாமுக்கு வந்துடு. ஆனா அந்த முதல் அடி எடுத்து வைக்கறது தப்பும்மா. உன் இடது காலை அங்க மாத்திடுவோம்."

செங்கொடி குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். அதைவிடப் பெரிய அடி அடுத்தாற்போல் விழுந்தது. கேட்சராக வேறு பள்ளிப் பெண்ணை எடுத்திருந்தார்கள். அவள் பேச்சியைவிட உயரம். பேச்சியின் பெயர் வரவேயில்லை.

வேப்பமரத்தடியில் பேச்சி சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளவுஸுக்குள்ளிருந்து ஈரத் துணியை உருவி உதறிக் காயப்போட்டாள். அழுததுபோல் தெரியவில்லை. ஆனால் மூக்கு சிவந்திருந்தது. செங்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள். தேர்வான சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அங்க போனா காலை மாத்துவாங்களாம் பேச்சி. அப்புறம் வேற யாராச்சும் வந்து அது தப்பும்பாங்க. நீயும் இருக்க மாட்ட. நான் என்ன பண்ணுவேன்?"

பேச்சி பையின் அடியில் கைவிட்டு, மடித்து வைத்திருந்த பனியன் வேஸ்ட் ஒரு கட்டை எடுத்தாள். புதுசு, வெள்ளை. அதை செங்கொடியின் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எனக்கு எதுக்குப் புள்ள இது? நான் பந்து போடறவ."

"அங்கயும் ஒருத்தி குந்தியிருப்பால்லக்கா."