ஏயும் பியும் எங்கே போனார்கள்?

கோம்பைக்கரையில் பூமிநாதன், தவசி, ஒச்சப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவரில் தவசிக்குத்தான் மூளை அதிகம் என்று மற்ற இருவரும் சொல்வார்கள். தவசியும் ஒருநாளும் மறுத்ததில்லை.

தங்கை பவளக்கொடியின் கல்யாண வீடியோவைப் பத்திரமாக வைக்க, அப்பா விட்டுப்போன வண்டிமாடு இரண்டில் ஒன்றை விற்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் படம் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும்.

மெக்கானிக் நவநீதன் இரண்டு ஹார்டு டிஸ்கைக் கொண்டுவந்து வைத்தான். "அண்ணே, சின்னது நல்லா வேகமா ஓடும். பெருசு மெதுவாத்தான் ஓடும், ஆனா நெறையக் கொள்ளும். எது வேணும்னு யோசிச்சு வைங்க, நாளைக்கு வந்து மாட்டித் தர்றேன்."

அவன் போனதும் தவசி முற்றத்தில் கோடு கிழித்து இரண்டையும் நிறுத்தினான். "ம், ஓடுங்க!" என்றான். இரண்டும் அசையவில்லை.

"நாம பாத்துக்கிட்டே நின்னா அதுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றார் பூமிநாதன்.

நியாயம்தான். மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நூறு எண்ணினார்கள். அந்த நேரத்தில் தெருநாய் ஒன்று வந்து சின்னதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

திரும்பிப் பார்த்த தவசிக்கு மெய்சிலிர்த்தது. "என்னா ஓட்டம்ணே! மெக்கானிக் பொய் சொல்லல."

"வீட்டை விட்டு ஓடுறதை நம்பித் தங்கச்சி கல்யாணத்தை ஒப்படைக்க முடியுமா? நின்னு நெலைக்கிறதுதான் நமக்கு" என்று பூமிநாதன் தீர்ப்புச் சொன்னார். அதற்கும் ஓடிப்போகும் புத்தி வந்துவிடக் கூடாதென்று ஒச்சப்பன் பெருசை மாட்டுத்தறியில் கட்டிப்போட்டான்.

மறுநாள் வந்த நவநீதன் ஒன்றும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தான். அந்த வீட்டில் கேள்வி கேட்டு அவனுக்குப் பழைய அனுபவம் உண்டு. டிஸ்கை மாட்டிவிட்டு, "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வைக்கக் கூடாதுண்ணே. பார்ட்டிஷன் பண்ணிருவோம்" என்றான்.

பூமிநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அப்பா போயி ஆறு வருசமா ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறோம். எங்களைப் பாகம் பிரிக்கச் சொல்றியே தம்பி!"

"பிரிச்சு வச்சா ஒண்ணு கெட்டுப்போனாலும் மத்தது தப்பிக்கும்ணே."

தவசி தம்பி ஒச்சப்பனை ஏற இறங்கப் பார்த்தான். "மெக்கானிக் சொல்றதும் சரிதான்" என்றான்.

நவநீதன் மூன்று பாகமாகப் பிரித்து, திரையில் சி, டி, இ என்று பெயரும் காட்டினான். வீடியோவை 'இ'யில் ஏற்றினான். எதை அமுக்கினால் படம் ஓடும், எதை அமுக்கினால் பின்னால் போகும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வேகமாகக் கிளம்பிப் போனான்.

"சி அண்ணனுக்கு, டி எனக்கு, இ ஒச்சப்பனுக்கு" என்று விரல்விட்டு எண்ணிய தவசிக்குத் திடீரென்று முகம் வெளுத்தது. "அண்ணே, ஏயும் பியும் எங்கே?"

மூவரும் மேசைக்கு அடியில்கூடத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

தவசி நெடுநேரம் யோசித்தான். "மாட்டை வித்து வாங்கினது. அப்ப இது பூர்வீகச் சொத்து. அதுல மூத்தவருக்கே மூணாவது எழுத்துதான் வருதுன்னா..."

"எனக்கு முன்னால ரெண்டு பேர் பொறந்திருக்காங்களா?" என்று பூமிநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா சந்தைக்குப் போனா ரெண்டு நாள் கழிச்சுத்தானே வருவாரு" என்றான் ஒச்சப்பன். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் இரண்டு இலை கூடுதலாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வீரபத்திரனும் அவர் தம்பியும் முதலில் வந்தார்கள். பின்னாலேயே மாப்பிள்ளையும் பவளக்கொடியும். வாசலில் நின்ற தம்பிக்காரர், "அண்ணே, நம்ம வந்ததுல இவங்களுக்கு ரொம்பச் சிரமமோ?" என்றார். "என்ன சிரமம்? நாமெல்லாம் ஒரே குடும்பந்தானே!" என்றார் வீரபத்திரன்.

தவசி பூமிநாதனின் கையைக் கிள்ளினான். "ரெண்டு பேரு. ரெண்டு பேரும் உங்களைவிட மூத்தவங்க. வாயாலயே ஒத்துக்கிட்டாங்க."

"அண்ணே!" என்று மூவரும் பாய்ந்து சம்பந்திகளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். இவ்வளவு பாசத்தை எதிர்பார்க்காத வீரபத்திரனும் கண் கலங்கினார்.

அழுகையின் நடுவே தவசிக்கு ஓர் எண்ணம் வந்தது. "இவரு நமக்கு அண்ணன்னா, தங்கச்சிக்கும் அண்ணன். அப்ப மாப்பிள்ளை நம்ம அண்ணன் மகன். பாவிப்பய அத்தையைக் கட்டியிருக்கான்!"

"அய்யோ, ஊர் காறித் துப்புமே!" என்றார் பூமிநாதன். பவளக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பதறாதீங்க" என்று தவசி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். "பின்னால போற பொத்தான் எதுக்கு இருக்கு?"

படம் பின்னால் போனது. பந்தியில் இருந்தவர்கள் வாயிலிருந்து வடையை எடுத்து இலையில் வைத்தார்கள். ஓமப்புகை குண்டத்துக்குள் இறங்கியது. மாப்பிள்ளையின் கை பவளக்கொடியின் கழுத்துக்குப் போனது. தாலியில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது. மூன்றாவது பாதி அவிழ்ந்தபோது கரண்ட் போய்விட்டது.

அடுத்து என்ன செய்வதென்று எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள்.

"மூணு முடிச்சுல ரெண்டரை அவுந்திருச்சு" என்று தவசி சுவரில் கரிக்கட்டையால் கணக்குப் போட்டான். "பாக்கி அரை முடிச்சு. ஆறுல ஒரு பங்குதான் மாப்பிள்ளை. மீதி அஞ்சு பங்கு அண்ணன் மகன்."

பலகாரம் வந்தது. பூமிநாதன் ஒரு வடையை எடுத்து அளந்து ஆறாகப் பிய்த்தார். முதல் துண்டை இலையில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டி, "மாப்பிள்ளை, கூச்சப்படாமச் சாப்பிடணும்" என்று குனிந்து சொன்னார். மாப்பிள்ளை சாப்பிட்டார்.

உடனே பூமிநாதன் நிமிர்ந்து, மீதி ஐந்து துண்டையும் அவர் மடியில் போட்டு, "இந்தாடா, தின்னுட்டுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றார்.