என்ன காண்பாய் என்று முதலில் எழுது

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஒரு சலிப்பு.

ஒருநாள் மருதி என்ற பெண் சபைக்கு வந்தாள். சுண்ணாம்புத் தெளிநீர்க் கிண்ணத்தை நீட்டி, நாணல் குழாயால் ஊதச் சொன்னாள். ராஜா ஊதினார். தெளிநீர் பாலாக வெளுத்தது!

"மன்னா, நாம் விடும் மூச்சில் கரி இருக்கிறது. அடுப்புப் புகையிலும் அதே கரிதான். மரம் அதைத் தின்கிறது, மண் அதைப் புதைக்கிறது. எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்க வேண்டும்" என்றாள்.

ராஜாவுக்கு ஒரே குஷி. சபையில் இருந்த அத்தனை பேரையும் ஊதவைத்து வேடிக்கை பார்த்தார். மலைமேல் ஓர் அளவைக் கூடமும், ஆண்டுக்கு ஐந்நூறு மூட்டை நெல் மானியமும் அன்றே கொடுத்தார்.

பதினோரு வருஷம் ஓடிற்று. மருதியும் அவள் ஆட்களும் காற்றையும் மண்ணையும் ஏரிச் சேற்றையும் நாள் தவறாமல் அளந்து எழுதி வந்தார்கள். ராஜாவோ அதையெல்லாம் மறந்து கிளி வளர்க்கப் போய்விட்டார். மறக்காதவர் ஒருவர் உண்டு, மந்திரி வில்லவராயர். ஆற்றங்கரையில் அவருக்கு நாற்பது சுண்ணாம்புக் காளவாய்கள். ஓயாத புகை. புகையை அளக்கிறவள் ஒருநாள் தன் வாசலுக்கும் வருவாள் என்று அவருக்குத் தெரியாதா? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்!

"மன்னா, இத்தனை ஆண்டுகள் காற்றை அளந்து என்ன கண்டார்கள்? இனி எவர் எதைத் தேடினாலும், என்ன காண்போம் என்பதை முதலில் ஏட்டில் எழுதிக் கொடுக்கட்டும். எழுதியது ஒன்று, கண்டது வேறு என்றால் தண்டனை. அரசாங்க நெல் வீணாகக் கூடாதல்லவா?" என்றார் வில்லவராயர்.

அட, இதுவல்லவா புத்தி என்று ராஜா முத்திரை குத்தினார்.

மருதி நேராகச் சபை விகடகவி அப்பாண்டையிடம் ஓடி வந்தாள். அழுகையும் ஆத்திரமுமாகப் பேசினாள். "பௌர்ணமிக்குள்ள எழுதிக் குடுக்கலேன்னா மலைக் கூடத்துக்குப் பூட்டாம். என்ன கிடைக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா, நான் எதுக்குய்யா அங்க கிடந்து சாகுறேன்? பொய் எழுத எனக்கு வராது. ஒரு மாசம் அளக்காம விட்டா பதினோரு வருஷக் கணக்கும் நொண்டியாயிடும்."

அப்பாண்டைக்கு நெஞ்சு சுட்டது. தான் நாளெல்லாம் புளுகிச் சோறு தின்கிறவன். இவளோ ஒரு பொய் எழுத மாட்டாமல் சோற்றையே விடத் துணிந்து நிற்கிறாள். "நீ போய் அளந்துக்கிட்டே இரும்மா. பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாள் கிடக்கு" என்றான். ஒரு வழியும் தெரியாமல்தான் சொன்னான்.

வழி நான்கு காலில் வந்தது. ஏழாம் நாள் பட்டத்து யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது. ராஜாவுக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி. "தேடுங்கள்!" என்று அலறினார். மூன்று படைகள் கோட்டை வாசலுக்குப் பாய்ந்தன. அங்கே ஏட்டுக்கட்டும் எழுத்தாணியுமாக அப்பாண்டை வழிமறித்து உட்கார்ந்திருந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"யானையைத் தேட! தள்ளும்யா!"

"தாராளமா தேடுங்க. யானை எங்க நிக்கும், என்ன நிறத்துல நிக்கும், என்ன பண்ணிக்கிட்டு நிக்கும்னு எழுதி வச்சுட்டுப் போங்க. ராஜ கட்டளை. மாறிப்போச்சுன்னா தண்டனை, சொல்லிட்டேன்."

படைத்தலைவர்கள் ராஜாவிடம் ஓடினார்கள். யானை போன பதற்றத்தில் அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. "எழுதித் தொலைத்துவிட்டுப் போங்கள்!" என்று கத்தினார். எழுதித் தொலைத்தார்கள்.

மறுநாள் சபை கூடியது. முதல் படைத்தலைவன் ஓர் எருமையை இழுத்து வந்தான். "வடக்குக் காட்டில், கறுப்பாக, புல் மேய்ந்துகொண்டு, எழுதியபடியே கண்டோம், மன்னா!"

"அடேய், தும்பிக்கை எங்கேயடா?"

"தும்பிக்கையைப் பற்றி ஏட்டில் ஒன்றும் எழுதவில்லை, மன்னா."

இரண்டாமவன் வெறுங்கையோடு வந்தான். "மேற்கு மலையில் தூங்கும் என்று எழுதினோம். தொலைவில் கறுப்பாக ஒன்று கிடந்தது. கிட்டப் போனால் பாறையாகிவிடுமோ என்று பயந்து திரும்பிவிட்டோம்."

மூன்றாமவனுக்கு வாய் குழறியது. "கரும்புத் தோட்டத்தில் கறுப்பு யானை என்று எழுதினோம், மன்னா. போகிற வழியில், மந்திரியாரின் காளவாய்ச் சாம்பல் மேட்டில் ஒரு யானை நின்றது. சாம்பலை அள்ளி அள்ளி மேலே போட்டுக்கொண்டு, முழுக்க வெள்ளையாக. எங்களைப் பார்த்துப் பிளிறக்கூடச் செய்தது. ஆனால் ஏட்டில் கறுப்பு என்றல்லவா இருந்தது..."

"அதனால்?"

"விட்டுவிட்டு வந்துவிட்டோம்."

ராஜா மெல்ல அப்பாண்டை பக்கம் திரும்பினார். அவன் பணிந்து சொன்னான்: "ஒருவர்கூடக் கட்டளை மீறவில்லை, மன்னா. எழுதிக் கொடுக்காதவள் நாட்டிலேயே மருதி ஒருத்திதான். நாளை அவள் கூடத்துக்குப் பூட்டு."

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரித்துக்கொண்டே கட்டளை ஏட்டை வாங்கித் தம் கையாலேயே இரண்டாக ஒடித்தார். "வெள்ளையோ கறுப்போ, போய் என் யானையைக் கூட்டி வாருங்கள்!" என்று மூன்றாமவனை விரட்டிவிட்டு மந்திரி பக்கம் திரும்பினார்.

"வில்லவராயரே, என் கறுப்பு யானையை வெளுக்கும் அளவுக்கா உமது காளவாய்கள் கக்குகின்றன? இனி மலைக் கூடத்துக்கு அரண்மனை நெல் போகாது. நீர் விடும் புகைக்குத் தக்கபடி நீரே நெல் போடும்."

வில்லவராயர் அவசரமாக முன்னால் வந்தார். "எவ்வளவு புகைக்கு எவ்வளவு நெல் என்று மன்னர் இப்போதே சொல்லிவிட்டால்..."

தவணை கேட்க வந்து தூணோரம் நின்றிருந்த மருதி கைகூப்பினாள். "அதை அளந்து பார்த்துத்தான் சொல்லணும், ஐயா. பத்துப் பதினஞ்சு வருஷமாவது ஆகும்."

"கேட்டீரா? அதுவரை குத்துமதிப்பாக ஆண்டுக்கு ஆயிரம் மூட்டை போட்டுக்கொண்டிரும்!" என்று ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்காமலே தம் முத்துமாலையைக் கழற்றி அப்பாண்டையின் கழுத்தில் போட்டார்.