அடைத்த கை யாருடையது

கயத்தாறு ஒளியிழைத் தகவல் தொடர்பு நிலையத்தில் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியரான மாடத்தி விசாரணைக்கு நின்றாள். தலைமையகம் அந்த நிலையம் வழியாக அனுப்பிய தேர்வு மதிப்பெண்கள் வழியில் மாறிவிட்டனவாம்.

"நீதான் திருத்தினாய். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு," என்றார் தலைமையகப் பொறியாளர் சிதம்பரநாதன்.

"போடுறேன்யா. எப்படித் திருத்துனேன்னு நீங்களே எழுதிருங்க."

"அதெப்படி எழுத? தகவலைத் தலைமையகத்தில் பெட்டியில் போடுவது மாதிரி உறையில் அடைக்கிறோம். இந்த மாதிரி நடு நிலையம் மேல்சீட்டிலுள்ள முகவரியைப் பார்த்து அப்படியே தள்ளிவிடும். சேருமிடத்தில்தான் உறை பிரியும்!"

"அப்போ அடைச்ச கை யாருதுங்கய்யா?"

அறையே சிரித்தது. முகம் சிவந்த பொறியாளர் குற்றச்சாட்டை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்: 'அதிகாரியை அவமதித்தாள். இன்றே நீக்கம்.'

"ஜெயிச்சுட்டியேம்மா!" என்றார் வாசல் காவலாளி.

"ஆமாண்ணே," என்றாள் மாடத்தி. "நாளைக்கு எங்க போறதுன்னுதான் தெரியல."