எங்கள் என்ற சொல்

ஞானசிகாமணி ஜெபிக்கக் கற்றுக்கொள்ள வந்ததே ஒரு சொல்லால்தான்.

பேருந்து நடத்துநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபம் செய்யும் முறை அவருக்கு வந்தது. "நம்முடைய பாவங்களை மன்னியும் ஆண்டவரே" என்று உரக்கச் சொன்னார். பாடகர் குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் அவர் சிஸ்டர் ஹெப்சிபாவைத் தேடிப்போனார். அதே சபையைச் சேர்ந்தவர். ஊர் எல்லையில் தியான இல்லம் நடத்துகிறவர். அவரைவிட வெகு இளையவர்.

"நம்முடையன்னா கேக்கிறவரையும் சேர்த்துத்தானே?" என்றார் சிஸ்டர். "ஆண்டவரையும் பாவி ஆக்கிட்டீங்களே ஐயா. அவர்கிட்ட பேசும்போது எங்களுடையன்னு சொல்லணும்."

அன்றிலிருந்து அவர் சிஸ்டரின் சீடர்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் மறுபடி வந்தார். சிஸ்டர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஞானசிகாமணி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சபையை விட்டுப் போறேன் சிஸ்டர். ஞாயித்துக்கிழமை பொது ஜெபம் என் முறை. அதை முடிச்சிட்டு அப்படியே வெளிய வந்துருவேன்."

"உட்காருங்க."

"உக்காந்தா மனசு மாறிரும்."

"மாறுற மனசா இருந்தா நின்னாலும் மாறும். உட்காருங்க."

உட்கார்ந்தார். செருப்பு காலிலேயே இருந்தது.

காரணம் சிஸ்டருக்கும் தெரியும். புதிய போதகர் வந்ததிலிருந்து ஒரே உபதேசம்: வியாதி தீராத வீட்டில் விசுவாசம் இல்லை, மறைத்து வைத்த பாவம் இருக்கிறது. ஞானசிகாமணியின் மனைவி ரத்னபாய்க்கு நடுக்குவாதம். சபைக் கோயிலின் படிகளில் அவரை நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அந்த உபதேசம் தொடங்கிய பிறகு, பக்கத்தில் உட்காரும் பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். பிறகு ரத்னபாய் வருவதையே நிறுத்திவிட்டார்.

"வண்டி தப்பான ரூட்ல போகுது சிஸ்டர். இறங்கணுமா, வேண்டாமா?"

"யார் கேக்கிறது? பயணியா, கண்டக்டரா?"

"ரிட்டயர்டு கண்டக்டர்."

"கோயில்லயும் ரிட்டயர் ஆயிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

"யோசிக்காமப் பேசலை. எங்க கல்யாணம் அங்கதான் நடந்துச்சு. மகளை அந்தக் கல்லறைத் தோட்டத்துலதான் வச்சிருக்கோம். அவ பக்கத்துல எங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. போனா அதுவும் போயிரும். எல்லாம் யோசிச்சாச்சு."

சிஸ்டர் கீரையைத் தள்ளி வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை எப்படி ஜெபிப்பீங்களோ, அப்படியே இப்ப ஜெபிங்க."

அவர் கண்களை மூடினார். குரல் தடுமாறவில்லை.

"பரம பிதாவே, இவர்களுடைய கண்களைத் திறந்தருளும். இவர்களுடைய கடின இருதயத்தை உடைத்தருளும். இவர்களை மன்னியும்."

சிஸ்டர் ஆமென் சொல்லவில்லை.

"இவர்கள்ங்கிறது யாரு?"

"சபைதான்."

"எங்களுடையன்னு மாத்திச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்ல? அந்த உபதேசத்தை நான் ஏத்துக்கலையே."

"போதகர் முதல் தடவை அதைச் சொன்னபோது எங்க இருந்தீங்க?"

"ரெண்டாவது பெஞ்சுல."

"எழுந்து ஏதாவது சொன்னீங்களா?"

ஞானசிகாமணி செருப்பைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"நீங்களும்தான் உக்காந்திருந்தீங்க சிஸ்டர்."

"ஆமா. அதனாலதான் எங்களுடையன்னு சொல்லச் சொன்னேன்."

வெளியே ஒரு மீன்காரர் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்.

"ரத்னபாய் அக்கா என்ன சொல்றாங்க?" என்றார் சிஸ்டர்.

"அவளுக்காகத்தான் போறேன்."

"நான் அதைக் கேக்கலை."

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"வீட்டுக்குப் போய் அவங்ககிட்ட கேளுங்க. அப்புறம் போதகரைப் பாத்து, இந்த உபதேசம் தப்புன்னு நேராச் சொல்லுங்க. உங்க உபதேசம்னு வாய்ல வந்தா, நீங்க ஏற்கெனவே போயாச்சு. என்கிட்ட திரும்ப வந்து கேக்க வேண்டாம். நம்ம உபதேசம்னு வந்தா, வாங்க. பேசுவோம்."

மறுநாள் காலை ரத்னபாய் ஜன்னலோரம் இரண்டு கைகளாலும் தம்ளரைப் பிடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோயில் மணி அடித்தது.

"நம்ம கோயில் மணி இன்னைக்குப் பிந்திருச்சு," என்றார். "மணியடிக்கிற உபதேசியாரு தூங்கிட்டாரு போல."

"நம்ம கோயிலா? நாம வேற சபைக்குப் போகலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"உனக்காகத்தான்."

ரத்னபாய் தம்ளரைக் கீழே வைக்க நேரம் எடுத்தது. ஞானசிகாமணி உதவ வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினார்.

"கோபம் உங்களுக்கு. வியாதி எனக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கிண்டாதீங்க."

"பின்ன நீ ஏன் கோயிலுக்கு வரமாட்டேங்கிற?"

"என்னையப் பத்தித்தான் சொல்லுதாருன்னு எல்லாத்துக்கும் தெரியும். நீங்க ரெண்டாவது பெஞ்சுல குனிஞ்சு உக்காந்திருக்கீங்க. பின்னால இருந்து உங்க முதுகு எனக்குத் தெரியுது. அதைப் பாக்க முடியலை. அதான் வரலை."

ஞானசிகாமணி சட்டையை மாட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்கு நடந்தார்.

அன்று மாலை தியான இல்லத்துக்கு வந்தபோது செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். சிஸ்டர் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"'ஐயா, நம்ம உபதேசம் தப்பு'ன்னு போதகர்கிட்ட சொன்னேன் சிஸ்டர். தேடிச் சொல்லலை. அதுவா வந்துச்சு."

"அவர்?"

"'நம்ம உபதேசமா? உங்களுக்கு ஒத்துவரலைன்னா நீங்க வேற சபை பாத்துக்கலாமே'ன்னாரு."

"நீங்க?"

"'காலையில ஆராதனையில பாப்போம் ஐயா'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சிஸ்டர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"நாளைக்கு எப்படி ஜெபிப்பீங்க?"

"எங்களுடையன்னு."

"போதகரையும் சேர்த்தா?"

தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் அவர் பதில் சொன்னார்.

"அவரையும் சேர்த்துத்தான்."

"அதையே திரும்பவும் பிரசங்கம் பண்ணினா?"

"எந்திரிச்சு நிப்பேன். வெளிய போறதுக்கு இல்ல, பேசுறதுக்கு."

"அப்பவும் யாரும் கேக்கலைன்னா?"

"தெரியலை சிஸ்டர். அப்புறமா ஒருநாள் போக வேண்டி வரலாம். வந்தா போவேன். ஆனா ஜெபத்தை முடிச்சிட்டு நைசா நழுவ மாட்டேன். சொல்லவேண்டியதை எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுத்தான் போவேன்."

"அக்கா நாளைக்கு வர்றாங்களா?"

"வாரா. எப்பவும் கதவோரம்தான் நாற்காலி போடுவோம். நாளைக்குப் பிரசங்க பீடத்துக்கு நேர் எதிர்க்கப் போடணுமாம். சொல்லுதவரு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்ங்கா."

சிஸ்டர் சிரித்தார். ஞானசிகாமணியும் சிரித்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு சங்கடம்தான். நாற்காலியத் தூக்க ஒரு பக்கம் எதிர்வீட்டு தாஸ் வந்துருவான். இன்னொரு பக்கம் தூக்குறவன் போதகருக்குப் பயந்து வரமாட்டேன்னுட்டான். எனக்கு இந்த இடுப்பை வச்சிக்கிட்டுத் தூக்க முடியாது."

சிஸ்டர் ஹெப்சிபா தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"காலையில எத்தனை மணிக்கு நான் உங்க வீட்டுக்கு வரணும்?"