விழுங்கிய எழுத்து

தூத்துக்குடியில் ஹில்டா டீச்சரிடம் ஆங்கிலம் படிக்க வந்தவர்களில் தொம்மைதான் மூத்தவர். டீச்சரைவிடவே முப்பது வயது பெரியவர். மகன் பிரிட்டோ வேலை பார்த்த சரக்குக் கப்பல் புயலில் மூழ்கிய பிறகு வந்து சேர்ந்தார். மகனின் உடல் கிடைக்கவில்லை.

அன்று சுருக்கச் சொற்களைப் பற்றிய பாடம்.

"‘ஹீ ஹேட்’, ‘ஹீ வுட்’, ரெண்டையும் சுருக்கினா ‘ஹீட்’தான். நடுவுல எழுத்தை விழுங்கிடுறாங்க. பின்னாடி வர்ற வினையை வச்சுத்தான் காலத்தைக் கண்டுபிடிக்கணும். ‘ஹீட் கான்’னா போயிருந்தான். ‘ஹீட் கோ’ன்னா போவான்."

வகுப்பு கலைந்தும் தொம்மை எழுந்திருக்கவில்லை.

"பின்னாடி ‘கம்’ வந்தா, டீச்சர்?"

"ஏன் கேக்குறீங்க?"

"கப்பல்ல தப்பிச்ச பிலிப்பைன்ஸ்காரப் பையன் போன் பண்ணினான். ஆஸ்பத்திரியில அவன் கண் முழிச்சப்ப, கட்டில் பக்கத்துல பிரிட்டோ நனைஞ்சு நின்னானாம். ‘ஹீ செட் ஹீட் கம் ஹோம்’னு திரும்பத் திரும்பச் சொன்னான். அது புரியணும்னுதான் இங்க சேர்ந்தேன்."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"‘கம்’ ரெண்டுக்கும் ஒண்ணுதான்யா. வீட்டுக்கு வந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம். வருவேன்னும் சொல்லியிருக்கலாம்."

"ஏதாவது ஒண்ணுதானே சரியா இருக்கணும்?"

"வாங்க. உங்க வீட்டுக்குப் போவோம்."

வெயில் சுள்ளென்று அடித்தது. வீட்டில் தொம்மையின் மனைவி சலேத் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வாசலில் நின்றபடியே கேட்டார். "அம்மா, பிரிட்டோ வந்துட்டானா, இனிமேதான் வருவானா?"

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

சலேத் நிமிரவில்லை.

"உள்ள தூங்குறான். முழிச்சதும் சோறு போடணும்."

புயலுக்குப் பிறகு மகனுடைய அறையைத் தொம்மை பூட்டியே வைத்திருந்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. பூட்டும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். குரல் உடைந்து பெரிதாக வந்தது.

"ஹேடா, வுட்டா? நீங்களாவது சொல்லுங்க, டீச்சர்!"

ஹில்டா டீச்சர் ஓசையில்லாமல் செருப்பைக் கழற்றினார்.

"மெதுவாப் பேசுங்கய்யா," என்றார். "பிள்ளை தூங்குது."