தேன்தின்னி

ஒரு காலத்தில், எழுத்து எட்டிப் பார்க்காத வடக்குக் காட்டோரம் மிலேனா என்றொரு தாய் இருந்தாள். அவள் நாக்கில் குடியிருந்த சொற்களில் ஒருவரை மட்டும் வெளியே விடுவதே இல்லை. அவர் கரடியின் நிஜப் பெயர். அவரைச் சொன்னால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கரடி வந்துவிடும். ஊருக்கே அந்தப் பயம்.

அன்று அவள் மகள் ராத்கா புதரில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கரடி. பிள்ளைக்குத் தெரியவில்லை. தாய் பார்த்துவிட்டாள். சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

"அண்ணே, போங்களேன்," என்றாள் நாக்கு நுனியில் நின்ற இன்னொரு சொல், மெது. அந்த ஊரில் மெது என்றால் தேன். நம் மதுவுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

கரடியின் நிஜப் பெயர் அசையவில்லை. "எல்லாரும் என்னைக் கண்டு நடுங்குறாங்கன்னு பெருமையாத்தான் இருந்தேன். இப்ப நான் வெளிய போனா கரடி திரும்பிடும்மா. என்னால ஒரு புள்ள சாகணுமா? நீ போ."

"நானா? தேன்னு கேட்டா அந்தப் புள்ள இன்னும் காட்டுக்குள்ளேல்ல போவா."

நாக்கின் பின்னாலிருந்து ஏதி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஏதி என்றால் தின்னி. "வேணும்னா நானும் வரட்டா?"

"உனக்கு எந்நேரமும் சாப்பாட்டு நெனப்பு."

"அங்க நிக்கிறவனுக்கும் அதே நெனப்புதானே," என்றான் ஏதி.

மெது சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே மூச்சில் குதித்தார்கள்.

"மெத்வேதி," என்றாள் தாய், மெல்ல. தேன்தின்னி.

காவல் தேவதை சிறகு விரித்த மாதிரி அந்தச் சொல் பிள்ளையின் காதில் இறங்கியது. ராத்கா ஒரு கணம் விழித்தாள். காட்டில் தேன் தின்கிறவன் யார் என்று அவளுக்கா தெரியாது? கூடையை அப்படியே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நடந்து வந்து அம்மா மடியில் விழுந்தாள். கரடி கூடையை முகர்ந்துகொண்டு நின்றது. தன்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்று அதற்குத் தெரியவே இல்லை.

பழைய பெயர் அதன்பின் அந்த ஊரில் வாய் விட்டு வெளியே வரவில்லை. உள்ளேயே கரைந்து போனார்.

மெத்வேதி வளர்ந்து, தேசத்துக்கொரு சொல்லாகப் பிள்ளைகள் பெற்றது. ஒன்று முன்னால் நின்ற 'மெ'யை 'நெ' ஆக்கித் தன் தலையெழுத்தையே மாற்றிக்கொண்டது. இன்னொன்று தின்றதை மறந்துவிட்டு, 'நான் தேனை அறிந்தவனாக்கும்' என்று சொல்லித் திரிந்தது. பெற்ற மெத்வேதி சிரித்துக்கொண்டே ஒருநாள் கண்ணில் படாமல் மறைந்தது.

வெகு காலம் கழித்து அறிஞர்கள் வந்தார்கள். பிள்ளைகளின் முகத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தாய்ச் சொல்லைக் கண்டுபிடித்தார்கள். அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தார்கள்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டது மெத்வேதி.

"உன்னை எழுத்தில் கண்டவர் யாருமில்லை. ஆனாலும் நீ இருந்திருக்கிறாய் என்று அர்த்தம்."

மெத்வேதிக்குக் கண் கலங்கியது.

"அப்படின்னா இன்னொண்ணு குடுங்க. எனக்கு முன்னால ஒருத்தர் இருந்தார். ஒரு புள்ள பொழைக்கணும்னு கடைசி வரைக்கும் வெளிய வராமலே இருந்துட்டார்."