ஆரோக்கியத்துக்குச் சாட்சி

என்னைப்போல் புத்திசாலி எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் கிடையாது. தவணை கட்டாதவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் ஒட்டி அனுப்பும் பியூன் நான். அதில் மூன்று எனக்கே வந்தவை. பெயர் பார்க்காமல் ஒட்டினேன். வீட்டுக்கு வந்ததும், ஆபீஸ் காகிதம்தானே என்று பிரிக்காமல் பரணில் போட்டேன். என் பாலிசி காலாவதியாகி ஏழு மாதம் ஆனது.

அதைப் புதுப்பிக்க, பாக்கிப் பணத்தோடு மேனேஜர் சடகோபன் முன்னால் போய் நின்றேன்.

"பணம் மட்டும் போதாதுய்யா மாசிலாமணி. இந்த ஏழு மாசமும் நீ ஆரோக்கியமா இருந்தேன்னு தினமும் பார்த்த ஆள் எவனாவது கையெழுத்துப் போடணும்."

"லிஃப்ட் கெட்டு எட்டு மாசம் ஆச்சுங்க சார். தினமும் உங்க சாப்பாட்டுக் கேரியரை நாலு மாடி தூக்கிட்டு வர்றேன். ஒரு நாளாவது ஆறிப்போயிருக்கா? நீங்களே சாட்சி."

ஆபீஸே சிரித்தது. சடகோபன் கடுகடுவென்று கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால் லிஃப்ட் ரிப்பேர் ஃபைலிலும் எழுதினார்: "அவசரமில்லை."